ஐயாவின் புல்லட்டும் அம்மானின் ராக் தட்டுகளும்: விற்கலாமா, வைத்துக்கொள்ளலாமா?

பெங்களூரில் இருக்கிற தம்பி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் இவருடைய ஆயா (பாட்டி) வீடு ரொம்ப வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பங்காளிகள் சேர்ந்து திறந்தபோது பின்கட்டுக் கொட்டகையில் ஐயா (தாத்தா) ஓட்டிய 1968 புல்லட் ஒன்று நின்றிருக்கிறது. மாடி அறையில் அம்மான் (மாமா) சேர்த்து வைத்த இங்கிலீஷ் ராக் இசைத்தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. விஷயம் வெளியே தெரிந்து ஒருவர் வந்து விலையும் பேசிவிட்டுப் போயிருக்கிறார். விற்றுவிடலாமா, இல்லை பணம் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கலாமா, இந்தக் காலத்தில் இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது, இந்த ஊரில் ராக் கேட்பது பொருந்துமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு விற்காதீர்கள். அதைவிட முக்கியம், பெயிண்ட் அடிக்காதீர்கள். ரெண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வண்டியோ தட்டோ ஓடி ஓடிக் கெட்டதை நான் பார்த்தது குறைவு. நின்று கெட்டதும், நின்றதைப் பார்த்துப் பதறிப்போய் ஆர்வக்கோளாறில் நாமே கெடுத்ததும்தான் அதிகம். நம்ம ஊர் வீடுகளும் அப்படித்தானே. ஆள் இருக்கிற வீட்டில் ஓடு ஒன்று நகர்ந்தால் அன்றைக்கே மாற்றிவிடுவோம். பூட்டின வீட்டில் அந்த ஒரு ஓட்டு வழியாக மழை இறங்கி, பர்மா தேக்கு உத்திரம் வரைக்கும் போய்விடும்.

விலை பேசின ஆளை நான் குறை சொல்லவில்லை, அது அவர் தொழில். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். மங்குச் சாமான், எனாமல் கேரியர், பூட்டு, ரவிவர்மா படம், பேக்கலைட் ரேடியோ எல்லாம் கடைக்குக் கடை அடுக்கியிருக்கும். எனக்கு அந்தத் தெரு பிடிக்கும், பாதிச் சம்பளத்தை அங்கேதான் தொலைத்தேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பின சாமான் கடைக்கு வந்ததும் எல்லாமே ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. இது இன்னார் வீட்டு முகப்பில் இருந்தது, இன்னார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது என்கிற பேச்சு கடைவாசலோடு நின்றுபோகும். உங்கள் புல்லட்டுக்கு அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறது, உங்கள் ஆயா இருக்கிறவரைக்குமாவது.

பெயிண்ட் விஷயத்தில் நான் சூடுபட்டவன். என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1959-இல் வந்தது, இத்தாலிக்காரர் மிக்கலாட்டி வடிவமைத்தது. 1961-லிருந்து அதை மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரித்தது. முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாயும், எஞ்சின் முழுக்க வெளியே தெரியும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், நம்ம தேர் வீதியில் ரிவர்ஸ் போடாமல் திருப்பினால் இன்றைக்கும் பையன்கள் நின்று பார்ப்பார்கள். பாடியைத் தனித்தனித் தகடாகச் சேசிஸ் மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள், அதனால் ரிப்பேர் சுலபம்.

அந்தச் சுலபம்தான் எனக்கு வினையானது. வாங்கின புதிதில் ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம், இந்த ஊரும் இல்லை) விட்டு, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுங்கள் என்றேன். நான் போய்ப் பார்ப்பதற்குள் பழைய பெயிண்டை ஊதுவிளக்கு வைத்துச் சுரண்டிவிட்டார்கள். தகடு நெளிந்த இடத்தில் எல்லாம் பட்டி பூசி இழைத்தார்கள். பம்பருக்குக் கீழே நிக்கல் சரியாகக் கொடுக்காமல் மேலாகக் குரோமியம் மட்டும் காட்டிவிட்டார்கள் போல, ரெண்டாவது மழைக்கே பொரிந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. டிரைவர் பக்கக் கதவில் உள்புறமாக, முதல் சொந்தக்காரர் எப்போதோ சின்ன பிரஷ்ஷால் எழுதிவைத்த சர்வீஸ் கணக்கு இருந்தது, தேதியும் மைலுமாக ஏழெட்டு வரி. அதன் மேலும் அடித்துவிட்டார்கள். பம்பரைத் திரும்பப் பிளேட்டிங் கொடுத்துவிட்டேன். அந்த ஏழெட்டு வரியை என்ன செய்வது?

சரி, உங்கள் புல்லட்டுக்கு வருவோம். உங்களுடையது இரும்பு எஞ்சின், 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம்), 346 சி.சி. 1952-இல் ராணுவம் 800 வண்டிக்கு ஆர்டர் கொடுத்ததில் தொடங்கி, 1955-இல் மெட்ராஸில் கம்பெனி வைத்து, திருவொற்றியூரில் தயாரான பரம்பரை. மூலமான இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1970-இல் மூடிப்போனது. இங்கே தயாரிப்பு நிற்காமல் நடந்து, 1977-இல் அங்கேயே திரும்ப ஏற்றுமதி ஆனது. இதைச் சொல்லக் காரணம் பெருமைக்காக இல்லை. அந்த எஞ்சின் அவ்வளவு வருடம் பெரிதாக மாறாமல் ஓடினதால் உதிரிபாகம் இன்றைக்கும் கிடைக்கும். ஹெரால்டுக்கு ஒரு கதவுக் கைப்பிடி தேடி நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு இருக்காது.

முதல் நாளே கிக்கரை மிதிக்காதீர்கள், எல்லோரும் செய்கிற தப்பு இது. பல வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும், மிதித்தால் ரிங் உடையும், இல்லை சுவரில் கோடு விழும். பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக எஞ்சின் ஆயில் ரெண்டு ஸ்பூன் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைந்தால் நல்லது. அசையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னும் ரெண்டு நாள். எனக்கு ஒரு தடவை ஒன்பது நாள் ஆனது, பத்தாம் நாள் விடியற்காலையில் ‘களுக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், ஒன்று மேலே, மூன்று கீழே. பெங்களூரில் இப்போதைய வண்டி ஓட்டிப் பழகின காலுக்கு முதல் ஒரு வாரம் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். வெறும் ரோட்டில் பழகுங்கள்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்துப் புதுசு விடுங்கள், அப்புறம் பாயிண்ட் (பிளக்குக்கு எப்போது பொறி போக வேண்டும் என்று திறந்து மூடுகிற சின்ன சுவிட்ச்). நின்ற வண்டியில் பாயிண்டின் ரெண்டு முனையிலும் வெள்ளையாகப் பூத்திருக்கும், கரண்ட் தாண்டாது. மெல்லிய உப்புத்தாளை ரெண்டுக்கும் நடுவில் வைத்து இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் உயிர்பிடிக்கும். டேப்பட்டை (வால்வுக்கு விடுகிற இடைவெளி) எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வால்வைத் தள்ளுகிற கம்பியான புஷ்ராடை விரலால் உருட்டினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் எதுவும் வேண்டாம், விரல் போதும்.

அதற்கப்புறம்தான் கிக்கர். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே ஹெட்லைட் மேல் இருக்கிற ஆம்ப் மீட்டரைப் பாருங்கள். முள் இடதுபக்கம் சாய்ந்திருக்கும். ஒரு இடத்தில் டக்கென்று நடுவுக்கு வரும், பாயிண்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற சின்ன லீவர்) பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு துளி கீழே இறக்கி, டீகம்ப்ரஷரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு உடம்பு எடையையும் போட்டு ஒரு நீள மிதி. பலம் வேண்டாம், நிதானம் வேண்டும். என் அனுபவத்தில் ஐம்பது கிலோ ஆள் அழகாக ஸ்டார்ட் செய்கிற வண்டியில் தொண்ணூறு கிலோ ஆள் கணுக்காலை உடைத்துக்கொள்வார்.

துரு பற்றிப் பயப்படாதீர்கள். மெட்ராஸ் வண்டி கடற்காற்றில் அரித்துப்போகிற மாதிரி நம்ம பக்கத்து வண்டி அரிக்காது, இங்கே வெயிலும் செம்மண்ணும்தான், பெரும்பாலும் மேல்துரு. சிக்ரியில் (காரைக்குடியில் இருக்கிற மின்வேதியியல் ஆய்வகம்) வேலை பார்த்த நண்பர் ஒருவர்தான் எனக்குத் துரு எடுக்கக் கற்றுக்கொடுத்தார் (அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்து 1953-இல் திறந்த அந்த ஆய்வகத்தில் பேட்டரியும் துருவும்தானே தினப் பேச்சு). பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், ஒரு கைப்பிடி சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் மாட்டி உள்ளே தொங்கவிடுங்கள். பாசிட்டிவில் வேண்டாத பழைய இரும்புத் தகடு ஒன்று. ரெண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சில மணி நேரத்தில் துரு கரும்பொடியாகக் கழன்று வரும், அடியில் இருக்கிற நல்ல இரும்பு அப்படியே இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாசிட்டிவில் மாட்டவே கூடாது, தண்ணீரில் விஷக் குரோமியம் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்தவெளியில் செய்யுங்கள், பீடி சிகரெட் ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள். பெட்ரோல் டேங்கை மட்டும் இந்த முறையில் செய்யாதீர்கள், உள்ளே பழைய பெட்ரோல் ஆவி இருக்கும். அதற்கு எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை நிரப்பி ஒரு நாள் வைத்து, அலசி, உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே கொஞ்சம் ஆயிலைச் சுழற்றி விட்டால் போதும்.

பெட்ரோல் என்றதும் இன்னொன்று. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், 1968-இல் போட்ட ரப்பர் டியூபை ஊறவைத்து மாவாக்கிவிடும். டியூப், வாஷர் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சின் தானாக அணைகிறவரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் காலியாக இருக்கும்.

காகித வேலை சலிப்பானது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்.சி. புக் கிடைத்ததா? அதிலிருக்கிற எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அதுதான் முதல் வேலை. ஐயா காலமானபிறகு பெயர் மாற்ற ஃபாரம் 31, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டியை விண்டேஜாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே நம்பர் இருக்கிற வண்டி அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரிக் காரணங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். நினைத்த நேரத்தில் பிள்ளையார்பட்டிக்குப் போய் வர முடியாது. ஓட்டத்தானே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்? அதனால் என் ஓட்டு, சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு.

இனி அம்மானின் பெட்டி. இசைத்தட்டுக்கும் இந்த ஊருக்கும் ஒட்டுறவு இல்லை என்று நினைக்காதீர்கள். ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருடைய அப்பா காரைக்குடியில் வைத்திருந்த கடையில் கிராமபோன் தட்டு விற்றார்கள். தட்டு விற்பதைவிடத் தயாரிப்பது மேல் என்று மெட்ராஸ் கிளம்பினவர்தான் அப்புறம் ஸ்டுடியோ கட்டினார், யுத்த காலத்தில் தேவகோட்டை ரஸ்தாவுக்கே வந்து கொட்டகை போட்டுப் படமும் எடுத்தார். அதனால் பெட்டியில் ராக் தட்டுகளுக்கு அடியில் கனமான, தட்டினால் பீங்கான் மாதிரிச் சத்தம் வருகிற பழைய 78 தட்டுகளும் (நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுபவை) இருக்கலாம். அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவை அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் அப்பளம். ஸ்பிரிட் போட்டு மட்டும் துடைத்துவிடாதீர்கள். ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், ஒரே துடைப்பில் பாட்டு போய்விடும். எல்.பி. தட்டு வினைல் என்கிற பிளாஸ்டிக், அது வேறு சாதி. பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டு, மெத்தென்ற துணி, கோடு போகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்து, இன்னொரு தடவை வெறும் டிஸ்டில்ட் வாட்டர். என் வீட்டில் ஹெரால்டுக்கும் லெட் செப்பலின் குழுவின் தட்டுகளுக்கும் ஒரே கேன்தான்.

நடு லேபிளைப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே கிடைத்த தட்டுகளில் பல கல்கத்தா டம் டம்மில் கிராமபோன் கம்பெனி அச்சடித்தவை, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 ஆல்பம்கூட அங்கே அச்சானது. கவர் அட்டை கொஞ்சம் மெலிது, பரவாயில்லை. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், செங்குத்தாக நிறுத்துங்கள், ஓட்டுக்கு நேர் கீழே மாடியில் வேண்டவே வேண்டாம், சித்திரை வெயிலில் அப்பளம் பொரிந்த மாதிரி வளைந்துவிடும். பெட்டியோடு ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா ரெக்கார்ட் பிளேயர் இருந்தால் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நல்ல தட்டை அதில் போடாதீர்கள், அதன் ஊசி கனம். எடையைச் சரிசெய்ய முடிகிற சுமாரான டர்ன்டேபிள் ஒன்று வாங்குங்கள். 78 தட்டுக்கு வேறு ஊசி. எல்.பி. ஊசி அந்த அகலமான பள்ளத்தில் அடியில் போய்ப் புழுதியைத்தான் வாசிக்கும்.

இந்த ஊரில் ராக் கேட்பது பொருந்துமா என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு லாரிக் கதை சொல்கிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு லாரிக்குள் முழு ரெக்கார்டிங் சாதனத்தையும் ஏற்றி, ஸ்டுடியோவுக்குப் போவதற்குப் பதில் ஸ்டுடியோவை வீட்டுக்கு வரவழைத்தார்கள். அதை வாடகைக்கும் விட்டார்கள். 1971 ஆரம்பத்தில் அந்த லாரி ஹெட்லி கிரேஞ்ச் என்கிற வீட்டு வாசலில் நின்றது. 1795-இல் ஏழை விடுதியாகக் கட்டின, பெரிய, குளிரெடுக்கிற வீடு. லெட் செப்பலின் ஆட்கள் டிரம்ஸைக் கொண்டுபோய் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மைக்கை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டார்கள். நாலாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஜான் பானம் அடிக்கிற அடி அப்படி விழுவதற்கு அந்தக் கூடம்தான் பாதிக் காரணம். அதே வருடம் டிசம்பரில் அதே லாரி சுவிட்சர்லாந்தில் மான்ட்ரோ ஊரில். டீப் பர்ப்பிள் குழு ரெக்கார்டிங் செய்ய இருந்த கேசினோ டிசம்பர் 4-ஆம் தேதி வேறொரு கச்சேரியின்போது எரிந்துபோக, கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளை முட்டுக்கொடுத்து வைத்து வாசித்தார்கள். 1972-இல் வந்த ஆல்பம் அது. ரெண்டுமே ஆள் இல்லாத பெரிய வீட்டுச் சத்தம், தம்பி. அந்தச் சத்தம் நம்மிடம் இல்லையா என்ன? அந்த லாரி இப்போது கனடாவில் கால்கரி நகரத்து இசை அருங்காட்சியகத்தில் நிற்கிறது, அங்கேயும் வெறுமனே கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல் ரெக்கார்டிங் செய்கிற நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வளவில் (வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றின கூடம்) தட்டைப் போட்டுப் பாருங்கள், ஆனால் ஸ்பீக்கரை நேராகச் சுவரைப் பார்க்க வைக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு போட்டு மெழுகின சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி, சிம்பல் சத்தம் அதில் பட்டுத் தெறித்துக் காதைக் கிழிக்கும். எதிர்ச்சுவரில் ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கரை வளவின் மூலையில் தூண் ஓரமாக வையுங்கள். பேஸ் கல்தரையில் நகர்ந்து வரும், மிச்சம் எல்லாம் முற்றத்து வழியாக மேலே போய்விடும். நான் கோட்டையூரில் ஒரு நண்பர் வீட்டு வளவில் டீப் பர்ப்பிள் போட்டபோது பக்கத்து வீட்டு ஆச்சி, எண்பது வயசிருக்கும், வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, இரும்புக் கடையில சண்டையா?”

நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டி, தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் குழுவின் ஜான் லார்டுடைய ஆர்கன் வந்தது. அவர் ஹேமண்ட் ஆர்கனை கிடார் வாசிக்கிற ஆட்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் சொருகி உறுமவிடுவார்.

“இது நம்ம நாடகத்து ஆர்மோனியமாட்டம்ல இருக்கு. என்ன, கோவத்துல இருக்கு.”

இதைவிடச் சரியாக நான் எந்த இசை விமர்சனத்திலும் படித்ததில்லை.

சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வண்டி கையில் வந்ததும் அடுத்தது யெஸ்டி பைக் வாங்கலாம், அப்புறம் ஒரு லாம்பி ஸ்கூட்டர், அப்புறம் ஃபியட் கார் என்று மனசு ஓடும், எனக்கு ஓடியது. ஒரு சமயம் என்னிடம் ஆறு வண்டி இருந்தது, ஓடினது ஒன்று. மீதி ஐந்தும் டயர் அமுங்கி நின்றன, கோழி முட்டை வைத்தது. நாலைக் கொடுத்துவிட்டேன், ஓட்டுகிற ஆட்களாகப் பார்த்து. ஹெரால்டும் புல்லட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு திருமயம் கோட்டை வரைக்கும் போய், டீ குடித்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவேன்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது செய்ய வேண்டியது: பிளக்கைக் கழற்றி ஆயில் விடுவது, தட்டுகளை மாடியிலிருந்து கீழே இறக்குவது, அவ்வளவுதான். வண்டி பக்கவாட்டில் டூல் பாக்ஸ் ஒன்று இருக்குமே, திறந்தீர்களா? திருகு இறுகியிருந்தால் முறுக்கி உடைக்காதீர்கள், தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து சொட்டுவிட்டு ஒரு நாள் பொறுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் துடைக்காமல், அடுக்கு கலையாமல் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதை அப்படியே கொண்டுபோய் உங்கள் ஆயாவிடம் காட்டுங்கள்.